பாட்டி காதோ?

குந்தாரப்பள்ளி சந்தையில் ஓர் ஆடு வாங்க எத்தனை பாஷை தெரிந்திருக்க வேண்டும்?

என் கணக்குப்படி குறைந்தபட்சம் மூன்று. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற நெடுஞ்சாலையில் குந்தாரப்பள்ளி கூட்டுரோடு என்று சொல்லி இறங்க வேண்டும். அங்கிருந்து வேப்பனப்பள்ளி பக்கம் வண்டியை விட்டால் கொஞ்ச நேரத்தில் ஆந்திராவும் வந்துவிடும், கர்நாடகமும் வந்துவிடும். வெள்ளிக்கிழமை சந்தைக்கு மூன்று மாநில ஆடுகளும் வரும். மூன்று மாநில ஆட்களும் வருவார்கள். ஆட்டுக்காரர் தெலுங்கில் விலை சொல்வார். வாங்க வந்தவர் கன்னடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். நடுவில் நிற்கிற தரகர் இரண்டு பேரையும் தமிழில் திட்டுவார். ஆடு மட்டும்தான் கடைசிவரை தாய்மொழியிலேயே கத்தும்.

பக்கத்தில் குருபரப்பள்ளியில் சிப்காட் வந்த பிறகு இந்தியும் ஒடியாவும் சேர்ந்துகொண்டன. டீக்கடையில் 'ஏக் சாய்' என்று ஒரு பையன் கேட்டால், மாஸ்டர் 'சக்கரே பேக்கா?' என்று கன்னடத்தில் கேட்பார். பையன் தலையாட்டுவான். டீ சரியாகத்தான் வந்து சேரும்.

நான் இந்த ஊர்க்காரன் இல்லை. தஞ்சாவூர்ப் பக்கம். முப்பத்திரண்டு வருஷம் தமிழ் வாத்தியார் வேலை பார்த்தவன். 'ஒற்று மிகும் இடம், மிகா இடம்' என்று ஒரு தலைமுறையையே அழ வைத்துவிட்டு ரிடையர் ஆனேன். பிள்ளைக்கு இங்கே சிப்காட்டில் வேலை. அதனால் நாங்களும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம்.

பிள்ளை காதலித்தது கூட வேலை பார்த்த பெண்ணை. லம்பாடிப் பெண். என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "அவங்க வீட்ல என்னடா சாப்பிடுவாங்க?" இரண்டாவது கேள்வி, "என்ன பாஷைடா பேசுவாங்க?" முதல் கேள்விக்கு ஒரு வாரத்தில் விடை கிடைத்துவிட்டது. (நல்ல காரமாகச் சாப்பிடுகிறார்கள். அல்சர்காரர்கள் ஜாக்கிரதை!) இரண்டாவது கேள்விக்கு விடை கிடைக்க ஆறு வருஷம் ஆயிற்று. அதைத்தான் சொல்ல வந்தேன்.

மருமகளைப் பெற்ற தாய் அவள் சின்ன வயசிலேயே போய்விட்டார். வளர்த்தது அப்பாவைப் பெற்ற பாட்டி. கல்யாணமானதும் அந்தப் பாட்டியும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மருமகள் அவரை 'யாடி' என்று கூப்பிடுவாள். லம்பாடியில் யாடி என்றால் அம்மா. அவள் கூப்பிட்டு, என் பிள்ளை கூப்பிட்டு, பேத்தி கூப்பிட்டு, கடைசியில் நானும் என் மனைவியும்கூட யாடி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டோம். வயசு எழுபத்தெட்டா, எண்பத்திரண்டா என்பது அவருக்கே தெரியாது.

ஒரு காலத்தில் யாடி இந்தச் சந்தைக்கு ஆடு ஓட்டி வந்து விற்றவர். அவர் வியாபாரம் செய்வதைப் பார்த்தவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தெலுங்கில் விலை சொல்வாராம், கன்னடத்தில் சண்டை போடுவாராம், தமிழில் பணம் வாங்குவாராம், லம்பாடியில் எண்ணி முடிச்சுப் போட்டுக்கொள்வாராம். எங்களோடு எப்போதும் தமிழ்தான். கொஞ்சம் தெலுங்கு வாடை அடிக்கும். ஆனால் எனக்கே சொல்லிக்கொடுக்கிற அளவுக்குப் பழமொழி வரும். ஆகவே அவருடைய பாஷையைக் கற்க வேண்டிய அவசியம் எங்கள் வீட்டில் யாருக்கும் வரவில்லை.

லம்பாடிகளைப் பற்றி இந்த இடத்தில் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். வாத்தியார் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள். பொதி மாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றிக்கொண்டு நாடு முழுக்கச் சுற்றியவர்கள் இவர்கள். முகலாயப் படைக்கும் தானியம் சுமந்தார்கள். 1791, 92-ல் திப்பு சுல்தான் மேல் படையெடுத்து வந்த காரன்வாலிஸ் பிரபுவுக்கும் சுமந்தார்கள். அந்தப் போர் முடிந்த கையோடுதான் கிருஷ்ணகிரி அடங்கிய பாரமகால் வெள்ளைக்காரன் கைக்குப் போனது. பிறகு ரயில் வந்தது. பொதி மாட்டுக்கு வேலை போயிற்று. மாடு நின்ற இடத்தில் தாண்டா போட்டு உட்கார்ந்தார்கள். இன்றைக்குக் கர்நாடகத்தில் இவர்கள் தாழ்த்தப்பட்டோர் பட்டியல், ஆந்திராவில் பழங்குடியினர் பட்டியல், தமிழ்நாட்டில் இரண்டிலும் இல்லை. எங்கள் ஊரிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஒரு லிட்டர் பெட்ரோலில் மூன்று பட்டியலையும் சுற்றி வந்துவிடலாம்!

இவர்கள் மொழி ராஜஸ்தானியின் தங்கை. தெற்கே வந்து தெலுங்கு, கன்னட வார்த்தைகளை மடியில் கட்டிக்கொண்ட தங்கை. சொந்த எழுத்து கிடையாது. ஆந்திராவில் தெலுங்கு எழுத்தில் எழுதுவார்கள், கர்நாடகத்தில் கன்னட எழுத்தில், மகாராஷ்டிரத்தில் தேவநாகரியில். எங்கள் வீட்டில் எதிலும் எழுதியதில்லை.

போன ஆடி மாசம் ஒரு காலையில் யாடி காபி டம்ளரை எடுத்தார். டம்ளர் கை நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவரும் விழுந்தார். வலது கை, வலது கால் வரவில்லை. பேச்சு சுத்தமாக இல்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்து வீட்டுக்கு வந்தபோது பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியிருந்தது. ஆனால் தமிழ் திரும்பவில்லை. தெலுங்கு இல்லை, கன்னடமும் இல்லை. சந்தையில் சம்பாதித்த மூன்று பாஷையும் போய், அம்மா மடியில் கற்ற ஒன்று மட்டும் மிச்சம்.

டாக்டர் சின்னப் பையன், பொறுமையாகச் சொன்னார். மூளையின் இடது பக்கம் அடிபட்டால் பேச்சு போகும். பல மொழி தெரிந்தவர்களுக்கு என்ன நடக்கும் என்பதை நூறு வருஷத்துக்கு மேலாக ஆராய்கிறார்களாம். பிரான்ஸில் ரிபோ என்பவர் 1881-ல், 'முதலில் கற்றது கடைசியில்தான் அழியும்' என்று எழுதினார். 1895-ல் பித்ரே என்று இன்னொரு பிரெஞ்சுக்காரர், 'அப்படி இல்லை, அதிகமாகப் புழங்கிய மொழிதான் முதலில் திரும்பும்' என்றார். பலருக்கு எல்லா மொழியும் சேர்ந்தே திரும்பும் என்றும் டாக்டர் தைரியம் சொன்னார். யாடி விஷயத்தில் ரிபோ ஜெயித்தார்.

இப்போது எங்கள் நிலைமையைப் பாருங்கள். மகனும் மருமகளும் ஷிப்டுக்குப் போய்விடுவார்கள். பேத்தி ஸ்கூலுக்கு. பகல் முழுக்க வீட்டில் மூன்று கிழங்கள். அதில் இரண்டுக்குத் தமிழ் மட்டும் தெரியும். ஒன்றுக்கு லம்பாடி மட்டும் தெரியும்.

மருமகள் லீவு முடிந்து வேலைக்குப் போன முதல் நாள். நான் கஞ்சி கொண்டு போனேன். யாடி என்னைப் பார்த்து, குழறலாக, ஆனால் ஸ்பஷ்டமாகக் கேட்டார்:

"பாட்டி காதோ?"

என் மனைவி ஓடி வந்தாள். "ஏங்க, காதுங்கிறாங்க. காது வலிக்குதோ என்னமோ!" டார்ச் அடித்துப் பார்த்தாள். இடது காது நன்றாக இருந்தது. வலது காதும் நன்றாக இருந்தது. யாடி டார்ச்சைத் தள்ளிவிட்டு மறுபடியும், "பாட்டி காதோ?" தண்ணீர் கொண்டு போனபோதும் அதே. மாத்திரை கொடுத்தபோதும் அதே. பார்க்க வந்த பக்கத்து வீட்டம்மாவிடமும் அதே. அந்தம்மா, "பூண்டு எண்ணெய் காய்ச்சி ரெண்டு சொட்டு விடுங்க" என்று வைத்தியமும் சொல்லிவிட்டுப் போனார்.

சாயங்காலம் மருமகள் வந்ததும் என் மனைவி காதுப் பிரச்னையை ஒப்பித்தாள். மருமகள் ஒரு நிமிஷம் முழித்தாள். அப்புறம் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே இருந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பாட்டின்னா ரொட்டி அத்தை. பாட்டி காதோன்னா, சாப்பிட்டியான்னு அர்த்தம்."

எழுந்து உட்கார முடியாத மனுஷி, காலையிலிருந்து வந்தவர் போனவர் எல்லாரையும் சாப்பிட்டாயா என்று விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அன்று ராத்திரியே ஒரு நோட்டு வாங்கிவிட்டேன். அறுபத்தாறு வயசில் முதல் வகுப்பு, அ பிரிவு!

புத்தகம் ஏதாவது உண்டா என்று விசாரித்தேன். உண்டு. கிரியர்சன் துரை 1907-ல் வெளியிட்ட மொழி ஆய்வுத் தொகுதி ஒன்றில் லம்பாடி இருக்கிறது. 1970-ல் ட்ரெயில் என்ற அமெரிக்கர் ஓர் இலக்கணமே எழுதியிருக்கிறார். இரண்டும் இங்கிலீஷில், மொழி ஆராய்ச்சிக்காரர்களுக்கு. எனக்கு வேண்டியதோ, 'வயிறு வலிக்கிறதா, இல்லை பசிக்கிறதா?' அதைப் படுக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துதான் கற்க வேண்டியிருந்தது. கற்ற வழிகளைச் சொல்கிறேன். உங்களுக்கும் ஒருநாள் உதவலாம்.

பேச்சு வரும்வரை கை. இந்தப் பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு பழைய சந்தைத் தரகர். யாடியைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். மாட்டுச் சந்தையில் துண்டைப் போட்டு மூடி, அதற்கு அடியில் விரலைப் பிடித்து விலை பேசுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. அது நூறா, ஆயிரமா என்பது மாட்டைப் பார்த்தாலே தெரியும். சுற்றி நிற்கிறவனுக்கு விலை தெரியாது. பாஷை தெரியாதவனோடும் பேரம் முடியும். தரகர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். யாடிக்குப் புரியவில்லை. சட்டென்று தோளில் கிடந்த துண்டை யாடியின் இடது கை மேல் போட்டு, உள்ளே கையை விட்டார். யாடி முகம் மாறியது. ஒரு நிமிஷம் இருவரும் முகட்டைப் பார்த்துக்கொண்டு என்னவோ பேசினார்கள். தரகர் துண்டை எடுத்து உதறிக்கொண்டு, "கெழவி இன்னும் ஏமாற மாட்டா சார். ஆரஞ்சுக்கு வெலை கேட்டேன். நாலு விரல் சொன்னேன், ரெண்டுங்குது!" என்றார்.

அன்றைக்கே ஒப்பந்தம் போட்டோம். ஒரு விரலைப் பிடித்தால் தண்ணீர். இரண்டு என்றால் பாத்ரூம். மூன்று என்றால் வலி. கையையே தள்ளிவிட்டால், எல்லாரும் வெளியே போய்த் தொலையுங்கள். நாலாவதைத்தான் அதிகம் உபயோகித்தார்.

ஒரு சாவி. வார்த்தை வார்த்தையாக நூறு கற்பதைவிட, வார்த்தை கேட்கிற வார்த்தை ஒன்றைக் கற்பது லாபம். லம்பாடியில் அது 'ஈ காயி?' - இது என்ன? டம்ளரைக் காட்டி ஈ காயி, தண்ணீரைக் காட்டி ஈ காயி. தண்ணீர் 'பாணி' என்று வந்தது. எனக்கு ஒரே குஷி. 1987-ல் ஞாயிற்றுக்கிழமை காலையில் தூர்தர்ஷனில் ராமாயணம் பார்த்துக் கற்ற இந்தி முப்பத்தெட்டு வருஷம் கழித்து உதவிக்கு வந்தது! எண்களும் அப்படித்தான். ஏக், தீ, தீன், சார் என்று போகும். இரண்டு மட்டும் தோ இல்லை.

அவர் சொல்ல, நான் செய்ய. அமெரிக்காவில் ஜேம்ஸ் ஆஷர் என்ற பேராசிரியர் 1960-களில் ஒரு முறை கண்டுபிடித்தார். மாணவன் பேச வேண்டாம். கட்டளையைக் கேட்டு உடம்பால் செய்தால் போதும். குழந்தைகள் அப்படித்தானே கற்கின்றன? 'வா, உட்கார், அதைத் தொடாதே!' யாடியை வாத்தியாராக்கினேன். 'பேஸ்' என்பார், நான் உட்காருவேன். 'உட்' என்பார், எழுந்திருப்பேன். பேஸ், உட், பேஸ், உட்... நான் பையன்களுக்குப் போட்ட தோப்புக்கரணம் அத்தனையும் ஒரே மாசத்தில் வட்டியோடு வசூலானது. யாடிக்கு நோய் வந்த பிறகு முதல் சிரிப்பு இந்த வகுப்பில்தான் வந்தது. வார்த்தைகளும் வேகமாக வர ஆரம்பித்தன. கட்டளை போடுவதில் உள்ள சுகம் அப்படி.

எழுத்துக்கு நம்பர். தமிழில் ஒரே ப, ஒரே க. லம்பாடியில் அது கதைக்காகாது. இதற்கு நம் பாட்டிகள் வைத்திருந்த ஸ்லோகப் புத்தகம் கைகொடுத்தது. க, க², க³, க⁴ என்று தலையில் நம்பர் போட்டு அச்சடித்திருப்பார்களே, அதே வித்தை. பாட்டி என் நோட்டில் பா³ட்டி ஆனாள், உடனே ரொட்டியாகிவிட்டாள். காதோ, கா²தோ³ ஆயிற்று. காது போய் சாப்பாடு வந்தது.

இந்த நம்பரின் மகிமை, மருமகளின் சொந்தக்காரர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை தாண்டாவிலிருந்து வந்தபோது புரிந்தது. 'ராம் ராமி' என்று வணக்கம் சொல்லி உட்கார்ந்தார்கள். லம்பாடிகள் தங்களைக் கோர் என்று சொல்லிக்கொள்வார்கள். வெளியாளை என்னவென்று சொல்வார்கள் என்று கேட்டேன். அதுவும் கோர்தான்! அவர்கள் காதில் இரண்டும் வேறு வேறு. தமிழ் எழுத்தில் ஒன்றே. என் நோட்டில் கோ³ர் என்றால் உறவுக்காரன்; வெறும் கோர் என்றால் அந்நியன். அந்தச் சின்ன மூன்றைச் சம்பாதிக்கத்தான் இவ்வளவு பாடும்.

தமிழுக்குத் தடை. முக்கியமான வழி இது. கஷ்டமான வழியும் இதுதான்.

யாடி நல்ல ஆசிரியர், ஏனென்றால் அவரால் தமிழுக்குத் தாவ முடியாது. ஆனால் நோயாளியிடம் எவ்வளவு நேரம் கற்க முடியும்? மருமகளிடம் சந்தேகம் கேட்டால் அவள் தமிழில் பதில் சொல்லிவிடுவாள். மரியாதைக்காகத்தான். மாமனார் தட்டுத் தடுமாறுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. இந்த மரியாதைதான் மொழி கற்பவனுக்குப் பெரிய எதிரி. நான் ஒரு சட்டம் போட்டேன். சாயங்காலம் டீ குடித்த பிறகு அரை மணி நேரம் இந்த வீட்டில் தமிழ் பேசக் கூடாது. (சொன்னவன் தமிழ் வாத்தியார் என்பதைக் கவனிக்கவும்.)

மருமகள் தயங்கினாள். "பாப்பா முன்னாடி வேணாமே, மாமா" என்றாள்.

ஏன் என்று கேட்டேன். நாலு நாள் சொல்லவில்லை. ஐந்தாம் நாள் துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அவள் படித்த பள்ளிக்கூடத்தில் யாராவது அழுக்காக வந்தால், தலை கலைந்து வந்தால், 'லம்பாடி மாதிரி இருக்கே' என்பார்களாம். நிஜ லம்பாடிப் பெண் அதே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். அன்றிலிருந்து வெளியே வாயைத் திறந்தால் தமிழ் மட்டும்தான். கல்யாணமாகிக் குழந்தை பிறந்தபோது, இந்தப் பேச்சு தன்னோடு போகட்டும் என்று நினைத்துவிட்டாளாம். பேத்தி ஐந்து வயசு வரை யாடியிடம் தமிழில்தான் பேசினாள். யாடியும் அவளுக்காகத் தமிழில் பேசினார். இப்போது யாடியிடம் தமிழ் இல்லை. குழந்தை கட்டில் அருகே போவதையே நிறுத்திவிட்டது. 'யாடிக்கு என்னைப் புடிக்கல, பேச மாட்டேங்குறா' என்று ஸ்கூலில் சொல்லியிருக்கிறது.

எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்த வாரம் என் அக்கா பிள்ளை கனடாவிலிருந்து பேசினான். கால்கரி நகரத்தில் இருக்கிறான். கதையைக் கேட்டுவிட்டு, "மாமா, இங்க பக்கத்துல மோர்லின்னு ஒரு ஊர்ல இதே கூத்துதான்" என்றான். அங்கே இருப்பவர்கள் ஸ்டோனி நகோடா என்ற பூர்வகுடிகள். நகோடா என்றால் நண்பர்கள், கூட்டாளிகள் என்று பொருளாம். எல்லைக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் மான்டானாவிலும் நகோடா மக்கள் உண்டு. அந்த நாட்டில் பூர்வகுடிக் குழந்தைகளை வீட்டிலிருந்து பிரித்து விடுதிப் பள்ளிகளில் போட்டார்கள். தாய்மொழி பேசினால் தண்டனை. தண்டனை வாங்கியவர்கள் வளர்ந்து, தங்கள் குழந்தைகளுக்கு அந்த மொழியைச் சொல்லிக்கொடுக்கவில்லை. 2008 ஜூன் 11 அன்று கனடா பிரதமர் பார்லிமெண்டில் மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பு வந்துவிட்டது. மொழி தானாக வரவில்லை. இப்போது நகோடா மக்கள் பெரியவர்களை உட்கார வைத்து, அகராதி செய்து, செல்போன் ஆப் செய்து, குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள். மூக்கால் சொல்கிற உயிரெழுத்துக்கு ஆங்கில எழுத்தின் தலையில் ஒரு குல்லாய் போடுகிறார்களாம். நம் ஸ்லோகப் புத்தக நம்பருக்குச் சித்தப்பா பிள்ளை!

அக்கா பிள்ளை இன்னொன்றும் சொன்னான். கலிபோர்னியாவில் 1990-களில் ஒரு திட்டம் ஆரம்பித்தார்கள். மொழி தெரிந்த பெரியவர் ஒருவர், கற்கிற இளையவர் ஒருவர். வாரத்துக்குப் பத்து இருபது மணி நேரம் சேர்ந்து சமைக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், கடைக்குப் போக வேண்டும். ஆங்கிலம் பேசக் கூடாது. புரியாவிட்டால் சைகை காட்டலாம், நடித்துக் காட்டலாம். நியூஸிலாந்தில் மாவோரிகள் 1982-லேயே பால்வாடி மாதிரி வைத்து, கைக்குழந்தைகளைப் பாட்டிகளிடம் விட்டுவிட்டார்கள். எங்கும் ஆரம்பம் ஒரு பெரியவரும் பக்கத்தில் ஒரு சின்னவரும்தான்.

இதை மருமகளிடம் சொன்னேன். கூடவே நம் பக்கத்து விஷயம் ஒன்றும் சொன்னேன். தர்மபுரி மாவட்டம் சிட்லிங்கியில் லம்பாடிப் பெண்கள் தங்கள் பழைய எம்பிராய்டரியைத் திரும்பக் கற்று, துணி தைத்து விற்கிறார்கள். தங்கள் அமைப்புக்கு அவர்கள் வைத்த பெயர் 'போர்கை'.

"போர்கைன்னா பெருமை, மாமா" என்றாள், நான் அர்த்தம் சொல்வதற்கு முன்பே.

மறுநாள் டீ குடித்தோம். அரை மணி நேரம் ஆரம்பித்தது. எங்கள் வீட்டில் அப்படி ஒரு நிசப்தம் அதுவரை வந்ததில்லை. என் மகன் சுவரைப் பார்த்தான். மனைவி அடுப்பைப் பார்த்தாள். நான் துணிந்து, நோட்டைப் பார்த்து மருமகளிடம், "பா³ட்டி கா²தோ³?" என்றேன்.

பேத்தி வீட்டுப்பாடத்திலிருந்து தலையைத் தூக்கினாள். "தாத்தா, அப்படி இல்ல. அம்மா போன்ல வேற மாதிரி சொல்வாங்க" என்று ப-வைத் திருத்தினாள். யாரும் சொல்லிக்கொடுக்காமலே, அம்மா சித்தியோடு போனில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எல்லாம் உள்ளே கிடந்திருக்கிறது! நான் வேண்டுமென்றே இன்னும் கொஞ்சம் கொலை செய்தேன். அவள் தாங்கமாட்டாமல் எழுந்து வந்துவிட்டாள். பெரியவர்களைத் திருத்துகிற சந்தர்ப்பம் கிடைத்தால் எந்தக் குழந்தையும் விடாது. நான் இப்போது சிபாரிசு செய்கிற முதல் உபாயம் இதுதான்: குழந்தை ஒரு மொழி கற்க வேண்டுமா? அதைவிட மட்டமாகப் பேசுகிற ஒரு தாத்தாவைப் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

பத்து நாளில் வகுப்பு கட்டிலுக்கு இடம் மாறியது. யாடி பேஸ் என்றால் இரண்டு பேர் உட்காருகிறோம். எனக்கு முட்டி கடகட என்கிறது, அவளுக்குக் குதூகலம். யாடி எண்ணச் சொல்வார். பேத்தி விரல் விட்டு எண்ணுவாள். மருமகள் நைட் ஷிப்ட் முடிந்து வருகிற நாட்களில் வாசலிலேயே நின்று கேட்டுவிட்டு உள்ளே வருகிறாள். யாடியின் தமிழ் திரும்பவில்லை. திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்று டாக்டர் சொல்கிறார். வலது கையில் இரண்டு விரல் அசைகிறது. பேத்தி அந்த விரலைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குகிறாள்.

இப்போது எங்கள் வீட்டில் ஒரு புது விவாதம். மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு 2027 என்று நாள் குறித்திருக்கிறார்கள். போன 2011 கணக்கெடுப்பில் நாடு முழுக்க 32 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் தாய்மொழி லம்பாடி என்று சொன்னார்கள். அத்தனை பேரையும் இந்தி என்ற தலைப்புக்குக் கீழே சேர்த்துவிட்டார்கள்! 1965-ல் இந்தியை எதிர்த்து ஊர்வலம் போன ஊரில், யாடி தனக்கே தெரியாமல் இந்திக்காரர்.

"எந்தத் தலைப்புல வேணா போடட்டும் மாமா. பாப்பாவுக்கு ரெண்டு மொழியையும் சொல்லிடணும்" என்கிறாள் மருமகள். தாய்மொழிக்கு ஒரு கட்டம். தெரிந்த மற்ற மொழிகளுக்கு இரண்டு. அந்த இரண்டில் நான் இதுவரை இங்கிலீஷும் இந்தியும் சொல்லிவந்தேன். இந்த முறை தூர்தர்ஷன் இந்தியை எடுத்துவிட்டு லம்பாடி போடலாமா என்று சாயங்கால அரை மணி நேரத்தில், லம்பாடியிலேயே, கேட்டு வைத்தேன்.

யாடி ஒன்றும் சொல்லவில்லை. பேத்திதான் யோசித்துவிட்டு, "தாத்தாவுக்குப் பாதிதான் தெரியும்" என்று தீர்ப்புச் சொன்னாள்.

பாதிக்குக் கட்டம் கிடையாது. நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது.